மணவிலக்கு, சம்மதம், வழக்கறிஞர்: ஒரு சட்டப்பிரிவின் முன்வரலாறு

(நீண்ட பதிவு. குடும்பச் சட்டம், சமூக வரலாறு பயிலும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும்.)

இந்தியக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞரை வைத்து வாதாடுவது ஒருவரின் உரிமை அன்று. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தமக்காக வழக்கறிஞர் முன்னிலையாக வேண்டும் என்று எத்தரப்பினரும் உரிமையாகக் கோர இயலாது. நீதியின் நலன் கருதித் தேவைப்பட்டால் நீதிமன்றம் சட்ட வல்லுநர் ஒருவரைத் தனக்கு உதவ அழைத்துக்கொள்ளலாம். அப்பிரிவின் சாரம் இவ்வளவே.

இருவரும் மனமொத்துப் பிரியும் வழக்குகளில் இப்பிரிவு மேலும் பொருள் பெறுகிறது. அங்கே எதிர்வாதம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, மெய்ப்பிக்க வேண்டிய குற்றமும் இல்லை. ஆயினும் சண்டையின்றிப் பிரியத் தீர்மானித்த தம்பதியரும் முதலில் தேடிச் செல்வது வழக்கறிஞரைத்தான். அவர் முன்னிலையாவதற்கு அனுமதி கேட்பதும் அனுமதி தருவதும் பல நீதிமன்றங்களில் சடங்காகிவிட்டன. சட்டம் வாசலில் நிறுத்திய ஒருவர் எப்படி உள்ளேயே இருக்கிறார்? பழக்கம், தொழில் நலன், நீதிமன்றத்தின் மீது மக்களுக்குள்ள அச்சம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை பொய்யல்ல. எனினும் இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை ஒன்றும் உண்டு. பிரியச் சம்மதம் என்று ஒருவர் சொல்லும்போது அதைக் கேட்டு நம்ப வேண்டியவர் யார் என்ற சிக்கலை இந்நாடு காலந்தோறும் வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அத்தீர்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், வழக்கறிஞர் இல்லாத மணவிலக்கு எப்போது விடுதலையாகிறது, எப்போது பொறியாகிறது என்பது புலப்படும்.

1. நீதிமன்றம் வருமுன்

இந்து மரபில் மணவிலக்கே இருந்ததில்லை என்ற பொதுநம்பிக்கை உயர்சாதியினரின் சாத்திர மரபை மட்டும் கணக்கில் கொண்டது. அந்நூல் மரபுக்குள்ளும் கௌடலீயத்தின் மூன்றாம் அதிகாரம், கணவன் மனைவி இருவருக்கும் ஒருவர் மீதொருவர் வெறுப்பு முதிர்ந்தால் விடுதலை உண்டு என்று கருதியது. ஒருவருக்கு மட்டும் வெறுப்பிருந்தால் மற்றவர் விருப்பமின்றி விடுதலை இல்லை என்றது. அறவழிப்பட்டவை என்று அது வகுத்த திருமண வகைகளுக்கு இவ்வழி அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நூலுக்கு வெளியே, நாட்டின் பெரும்பாலான சாதிகளிடையே வழக்காற்று மணவிலக்கு புழக்கத்தில் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில், கள்ளர் சமூகத்தில் கணவன் சாதியார் முன்னிலையில் மனைவியிடம் ஒரு துரும்பைக் கொடுப்பது மணவிலக்காகக் கருதப்பட்டது என்ற குறிப்பு உள்ளது. துரும்பு கொடுத்தல் விலக்குவதையும், துரும்பு வாங்குதல் விலக்கை ஏற்பதையும் குறித்தன. கொடுக்கும் செயலோடு வாங்கும் செயலுக்கும் அங்கே ஒரு சொல் இருந்தது கவனத்துக்குரியது. சம்மதம் அந்த வாங்குதலில் தங்கியிருந்தது.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் இவ்வழக்காறுகளை இருவிதமாக நடத்தின. 1876இல் பம்பாய் உயர்நீதிமன்றம், ஒரு பெண்ணின் திருமணத்தை முறித்து மறுமணத்துக்கு அனுமதிக்கும் அதிகாரம் சாதிக் கூட்டத்துக்கு இல்லை என்றது. 1894இல் சென்னை உயர்நீதிமன்றமோ, முதல் திருமணத்துக்கு ஆன செலவை ஒருவர் மற்றவருக்குக் கொடுத்துவிட்டு இருவரும் ஒப்பிப் பிரியும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்று ஏற்றுக்கொண்டது. சாதி தீர்மானித்தால் செல்லாது, தம்பதியர் ஒப்பினால் செல்லும் என்ற கோடு இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஓடுகிறது.

இசுலாமியச் சட்டமும் இதே காலத்தில் நீதிமன்றம் தேவைப்படாத வழிகளைக் கொண்டிருந்தது. மனைவி கேட்டுப் பெறும் குலா, இருவரும் விரும்பிப் பிரியும் முபாரத் என்னும் இரண்டும் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் பெயர் சொல்லியே இடம்பெற்றன. 2021இல் கேரள உயர்நீதிமன்றம் இவ்வழிகளின் செல்லுபடியை மீண்டும் உறுதிசெய்தது.

இவற்றைப் பொற்காலமாகக் காண்பதற்கில்லை. சாதிக் கூட்டத்தில் அமர்ந்தவர்கள் ஆண்கள். மணச் செலவைத் திருப்பித் தர இயலாத பெண்ணுக்கு அந்த விடுதலை ஏட்டளவில்தான் இருந்திருக்கும். வழக்கறிஞர் இல்லை என்பதால் செலவு இல்லை என்றாகிவிடாது. செலவு வேறு பெயரில் இருந்தது.

2. ஒப்புதல் குற்றமான காலம்

1857இல் இங்கிலாந்தில் வந்த மணவிலக்குச் சட்டத்தின் சாயலில் 1869ஆம் ஆண்டு இந்திய மணவிலக்குச் சட்டம் கிறித்தவர்களுக்காக இயற்றப்பட்டது. கணவன் மனைவியின் பிறன்மனை உறவை மெய்ப்பித்தால் போதும். மனைவியோ பெரும்பாலும் அத்துடன் கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். இச்சட்டத்தின் பார்வையில் மணவிலக்கு என்பது குற்றமற்றவருக்குத் தரப்படும் நிவாரணம். ஆகவே இருவரும் ஒப்பி வழக்காடினால் அது கூட்டுச்சதி. மனு தள்ளுபடி ஆகும். மாவட்ட நீதிமன்றம் தந்த மணவிலக்கையும் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும், அதுவும் இயன்றவரை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. இவ்வேற்பாடு 2001 வரை நீடித்தது.

மணவிலக்கில் வழக்கறிஞர் இன்றியமையாதவரான இடம் இதுவே. சம்மதத்தை மறைத்துக் குற்றத்தைக் காட்ட வேண்டிய ஒரு நாடகத்துக்கு, அதன் விதிகளை அறிந்த ஒருவர் கட்டாயம் தேவைப்பட்டார்.

3. மலபாரின் பத்திரம்

அதே ஆங்கிலேய ஆட்சியில், அதே சென்னை மாகாணத்தில், முற்றிலும் வேறொரு வழியும் இருந்தது. 1933இல் நடைமுறைக்கு வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டம் மலபாரின் தாய்வழிச் சமூகங்களுக்கு உரியது. அதன்படி கணவனும் மனைவியும் மணவிலக்குப் பத்திரம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவுசெய்தால் திருமணம் முடிந்துவிடும். நிலத்தை விற்கும் அதே பதிவு முறைதான். ஒருவர் மட்டும் விரும்பினால் நீதிமன்றத்தில் மனுச்செய்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எந்தக் குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் 1925ஆம் ஆண்டு நாயர் சட்டமும் பதிவுப் பத்திரத்தால் பிரியும் வழியை ஏற்றிருந்தது.

அவ்வளவு எளிய வழி அங்கே எப்படிச் சாத்தியமாயிற்று? விடை திருமணச் சட்டத்தில் இல்லை, சொத்துமுறையில் இருக்கிறது. மருமக்கத்தாயப் பெண் கணவன் வீட்டை விட்டு வெளியேறித் தெருவில் நிற்க வேண்டியவள் அல்லள். அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் தறவாட்டில் உரிமையும் உணவும் இருந்தன. சார்பதிவாளர் அவளிடம் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. அவள் இடும் கையொப்பத்துக்குப் பின்னால் ஒரு வீடு நின்றது. கையொப்பத்தின் எளிமையை அந்த வீட்டிலிருந்து பிரித்தெடுத்துப் போற்றுவது வரலாற்றைப் பாதி மட்டும் படிப்பதாகும்.

4. 1954, 1955: இரு சட்டங்கள், இரு மனங்கள்

விடுதலைக்குப் பின் நாடாளுமன்றம் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு திருமணச் சட்டங்களை இயற்றியது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பரஸ்பர சம்மத மணவிலக்கைத் தொடக்கத்திலேயே வழங்கியது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கூட்டு மனு அளித்த பின் மேலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த இந்துத் திருமணச் சட்டத்திலோ அப்படியொரு வழி இல்லை. இந்துச் சட்டத் தொகுப்புக்கு எழுந்த கடும் எதிர்ப்பு, 1951இல் அம்பேத்கரின் பதவி விலகல் ஆகியவற்றின் பின்னணியில், மணவிலக்கு என்ற சொல்லை இந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததே பெருஞ்சாதனையாக இருந்தது. குற்றமும் குறையுமே காரணங்களாயின. கூட்டுச்சதித் தடையும் உடன்வந்தது.

ஆகவே 1955 முதல் 1976 வரை, மனமொத்துப் பிரிய விரும்பிய இந்துத் தம்பதியர் விந்தையான நிலையில் இருந்தனர். வழக்காறு உள்ள சாதியினருக்குப் பழைய வழியை 29ஆம் பிரிவு காத்துத் தந்தது. வழக்காறு இல்லாதோர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்ட வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்த் தங்கள் திருமணத்தைப் பதிவுசெய்து 28ஆம் பிரிவின் பயனைப் பெறலாமே என்றால், அப்படிப் பதிவதற்குத் திருமண நாள் தொட்டு இருவரும் சேர்ந்து வாழ்ந்து வந்திருக்க வேண்டும் என்றது 15ஆம் பிரிவு. பிரிந்தவர்களுக்கு அக்கதவும் அடைபட்டது.

5. 1976: பெற்றதும் இழந்ததும்

1976 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் 13ஆ பிரிவை இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்தது. இன்று நாம் அறியும் நடைமுறை அதுவே. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்வதாகவும், சேர்ந்து வாழ இயலவில்லை என்றும், பிரிய ஒப்பியதாகவும் இருவரும் கூட்டு மனு அளிக்கின்றனர். ஆறு மாதத்துக்குப் பின்பும் பதினெட்டு மாதத்துக்கு முன்பும் இருவரும் மீண்டும் வந்து அதே விருப்பத்தைச் சொல்கின்றனர். நீதிமன்றம் இருவரையும் கேட்டு, தக்கவாறு விசாரித்து, உண்மை என்று கண்டால் மணவிலக்கு ஆணையிடுகிறது.

அதே திருத்தம் 23ஆம் பிரிவிலும் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. சம்மத மணவிலக்கு கேட்கப்படும்போது, அச்சம்மதம் வன்முறையாலோ வஞ்சகத்தாலோ தகாத செல்வாக்காலோ பெறப்படவில்லை என்று நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும். 13ஆ பிரிவைப் படிப்போர் பலரும் இவ்வுட்பிரிவைக் கடந்துபோய்விடுகின்றனர். என் நோக்கில் இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகள். ஒப்பிப் பிரிதல் இனிச் சதியாகாது என்று முதற்பாதி சொல்கிறது. ஒப்புதல் மெய்யானதா என்று ஆராயும் கடமையை மறுபாதி நீதிபதியின் மேல் சுமத்துகிறது.

அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் கேரளத்தில் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருமக்கத்தாயச் சட்டங்கள் நீக்கப்பட்டன. பதிவுப் பத்திர மணவிலக்கும், அதைத் தாங்கி நின்ற தறவாட்டுச் சொத்துமுறையும் ஒரே சட்டத்தால் மறைந்தன. நாடெங்கும் இந்துக்களுக்குச் சம்மத மணவிலக்கு கிடைத்த ஆண்டிலேயே அதன் மிக எளிய வடிவம் வழக்கொழிந்தது.

6. 1984: வழக்கறிஞருக்குப் பதில் யார்?

1974இல் வந்த சட்ட ஆணையத்தின் 59ஆவது அறிக்கை, குடும்பத் தகராறுகளைச் சாதாரண உரிமையியல் வழக்குகளைப் போல் நடத்தலாகாது என்று வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த பெண்கள் நிலை பற்றிய குழுவின் அறிக்கையும் குடும்ப நீதிமன்றங்களைப் பரிந்துரைத்தது. பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்தன. 1984ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் விளைவு.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவைத் தனியே எடுத்தால் அது வழக்கறிஞர் எதிர்ப்பாகத் தோன்றும். சூழ உள்ள பிரிவுகளோடு படித்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்கிறது ஒரு பிரிவு. ஆலோசகர்களையும் அலுவலர்களையும் அமர்த்த வேண்டும் என்கிறது இன்னொன்று. சாட்சியச் சட்டத்தின் கடுமை தளர்த்தப்படுகிறது. விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம். நடைமுறையை நீதிமன்றமே வகுத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் எழுந்த நாற்காலியில் ஆலோசகரையும், கேள்வி கேட்கும் நீதிபதியையும், காத்திருப்புக் காலத்தையும் அமர்த்துவதே அச்சட்டத்தின் திட்டம். ஆலோசகர் பணியிடம் நிரப்பப்படாத இடத்தில், நாளொன்றுக்கு எண்ணற்ற வழக்குகளைப் பார்க்கும் நீதிபதியின் முன்னிலையில், அந்த நாற்காலி காலியாகிறது. காலியிடத்துக்கு வழக்கறிஞர் திரும்பி வந்தார். அவர் வருகையை 13ஆம் பிரிவின் தோல்வி என்பதைவிட, அதைச் சுற்றியுள்ள பிரிவுகளின் தோல்வி என்பதே பொருந்தும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சம்மதத்தால் தரப்பட்ட ஆணையை எதிர்த்து மேல்முறையீடு இல்லை என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. எளிதில் கிடைப்பது எளிதில் திருத்தப்படுவதில்லை. கூட்டு மனுவில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் அதனால் எடை கூடுகிறது.

7. ஆறு மாதத்தின் மதிப்பு

அந்த எடையை உணர்த்தும் வழக்கு 1991 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தம்பதியர் கூட்டு மனு அளித்து, நீதிமன்றத்தில் வாக்குமூலமும் தந்திருந்தனர். சில நாட்களிலேயே மனைவி திரும்பி வந்தார். தம் வாக்குமூலம் அழுத்தத்தாலும் அச்சுறுத்தலாலும் பெறப்பட்டது, உறவினரைக் கலந்து பேசவும் தம்மை விடவில்லை, அவர்களை நீதிமன்றத்துக்கு உடன்வரவும் விடவில்லை என்றார். ஒருமுறை தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற இயலாது என்று உயர்நீதிமன்றம் மணவிலக்கு அளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சம்மதம் ஆணை பிறக்கும் கணம் வரை உயிரோடு இருக்க வேண்டும். இடைப்பட்ட காலம் சிந்திக்கவும் பிறரிடம் கலந்து பேசவும் தரப்பட்டது என்பது அத்தீர்ப்பின் மையம்.

ஆறு மாதத்தை வெறும் தாமதம் என்று எரிச்சலோடு பார்ப்போர் இவ்வழக்கைப் படிக்க வேண்டும். உடன்வர யாருமின்றி நின்ற ஒருவருக்கு அந்தக் காலமே வழக்கறிஞராக இருந்தது.

2017 செப்டம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதம் வழிகாட்டும் தன்மையது, கட்டாயமன்று என்று தீர்ப்பளித்தது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் பலனின்றி முடிந்திருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவை மெய்யாகத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். மேலும் காத்திருப்பது துன்பத்தை நீட்டிக்க மட்டுமே உதவும் என்ற நிலை வேண்டும் என்று நிபந்தனைகளும் வகுத்தது. காணொலி வழியாக விசாரிக்கலாம், தக்க காரணம் இருந்தால் பெற்றோரோ உடன்பிறந்தோரோ தரப்பினருக்காக முன்னிலையாகலாம் என்றும் கூறியது. 2023 மே 1ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றம் அக்காத்திருப்பைத் தள்ளுபடி செய்யவும், மீட்க இயலாதவாறு முறிந்த திருமணத்தைக் கலைக்கவும் முடியும் என்றது.

பிற சமயத்தாரின் சட்டங்களும் இதே திசையில் நகர்ந்தன. பார்சிகளுக்கு 1988இல் சம்மத மணவிலக்கு கிடைத்தது. கிறித்தவர்களுக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் ஈராண்டுப் பிரிவு நிபந்தனையாயிற்று. 2010இல் கேரள உயர்நீதிமன்றம் அதை ஓராண்டாகப் படித்தது; 2022 டிசம்பரில் அந்த ஓராண்டும் அரசமைப்புக்கு முரண் என்றது. வரலாற்றின் போக்கு ஐயத்துக்கு இடமின்றி எளிமையை நோக்கியதே.

8. எளிமை யாருக்கு?

இப்போக்கை நான் வரவேற்கிறேன். இறந்துபோன திருமணத்துக்கு ஆண்டுக்கணக்கில் வாடகை கட்டச் சொல்வது அறமாகாது. ஒத்த கல்வி, ஒத்த வருமானம், பிள்ளைகள் இல்லை, பிரிக்கச் சொத்தில்லை என்ற நிலையில் உள்ள இருவர் திருமணச் சான்றும் முகவரிச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்துக்கொண்டு தாமே கூட்டு மனு அளித்து ஆணை பெறலாம். சட்டம் அவர்களை அதற்கே அழைக்கிறது.

அந்தச் சமநிலை இல்லாத இடத்தில் கேள்வி மாறுகிறது. பிரிவதற்கு ஒப்புவதும் பிரிவின் நிபந்தனைகளுக்கு ஒப்புவதும் ஒன்றல்ல. ஜீவனாம்சமோ சீர்ப் பொருட்களோ எதையும் இனிக் கோருவதில்லை என்ற ஒற்றை வரி கூட்டு மனுவில் எத்தனை எளிதாக இடம்பிடிக்கிறது! சம்மத மணவிலக்கு பெற்றதாலேயே ஒரு பெண் பராமரிப்புத் தொகை கோரும் தகுதியை இழப்பதில்லை என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிரிந்து வாழ ஒப்பிய மனைவிக்குப் பராமரிப்பு இல்லை என்ற குற்றவியல் நடைமுறைச் சட்ட விதி மணவிலக்குப் பெற்றவருக்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண் ஒருவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. இவ்விரண்டையும் அறிந்து கையொப்பமிடுவது சம்மதம். அறியாமல் இடுவதை என்ன பெயரால் அழைப்பது?

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையொப்பத்தோடு பிரிந்துவிட்டதாக நம்புவோர் இன்றும் உள்ளனர். வழக்காற்று மணவிலக்கு பொதுச்சட்டத்துக்கு விலக்கு. அவ்வழக்காறு இருப்பதைத் தனியே வாதிட்டு மெய்ப்பிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மெய்ப்பிக்க இயலாதபோது அத்தாளை நம்பி மறுமணம் செய்தவரின் இரண்டாம் திருமணமே செல்லாததாகிவிடும். அந்த இழப்பைப் பெரும்பாலும் சுமப்பவள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

துரும்பு வாங்கிய பெண்ணுக்கு முன் சாதியார் இருந்தனர். மலபார்ப் பெண்ணுக்குப் பின் தறவாடு இருந்தது. 1976க்குப் பின் வந்தவளுக்கு ஆறு மாத அவகாசமும், விசாரிக்கக் கடமைப்பட்ட நீதிபதியும் இருந்தனர். ஒவ்வொரு காலத்திலும் சம்மதம் ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்தே நின்றிருக்கிறது. வழக்கறிஞரை நீக்குவது கடினமன்று. காத்திருப்பை நீக்குவதும் கடினமன்று. அவ்விரண்டையும் நீக்கிய பிறகு 23ஆம் பிரிவு கேட்கச் சொன்ன அந்த ஒரு கேள்வியே எஞ்சுகிறது: இந்தச் சம்மதம் உம்முடையதுதானா? அதைக் கேட்கவும், விடையைக் காத்திருந்து கேட்கவும் நீதிமன்றத்துக்கு நேரம் இருக்கும் அளவுக்கே வழக்கறிஞர் இல்லாத மணவிலக்கு நியாயமானது.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று. நாம் படிக்கும் தீர்ப்புத் தொகுதிகள் சண்டையிட்டுப் பிரிந்தோரின் ஆவணங்கள். ஒப்பிப் பிரிந்தோர் சட்ட இதழ்களில் தடம் விடுவதில்லை. அவர்களின் ஆணை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வரிகளுக்கு முன்னால் யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது இந்தியக் குடும்ப வரலாற்றில் இன்னும் எழுதப்படாத ஓர் இயல்.